இரண்டு சுரங்களுக்கு நடுவே
(கணினி இசை ஆய்வு குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இசைத்துறையிலிருந்து வந்தவர்கள் இடப்பக்கமும் கணினித்துறையிலிருந்து வந்தவர்கள் வலப்பக்கமுமாக, நடுவே நடைபாதை விட்டுப் பிரிந்து அமர்ந்திருக்கிறீர்கள்.

நீங்கள் இப்படிப் பிரிந்து உட்கார்ந்திருப்பதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் பேச வந்திருக்கும் துறை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக அந்த நடைபாதையில்தான் வளர்ந்துவருகிறது.

ஒரு செயலியைத் திறந்து "தோடி ராகம், பெண் குரல், சவுக்க காலம்" என்று தட்டினால் ஒரு நிமிடத்துக்குள் ஏதோ ஒன்றைப் பாடிக் காட்டுகிற காலத்துக்கு வந்துவிட்டோம். சங்கீதம் தெரிந்தவர் அதைக் கேட்டு முகம் சுளிக்கிறார். கணினி தெரிந்தவர், "பொறுங்கள், அடுத்த வருடம் சரியாகிவிடும்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதில் சரியாக வேண்டியது எது என்று கேட்டால் இரண்டு பேருமே தயங்குகிறார்கள். என் பேச்சு அந்தத் தயக்கத்தைப் பற்றியது. இசையை வெறும் சுரங்களின் வரிசையாக எடுத்துக்கொண்ட போதெல்லாம் கணினி இசை ஆய்வு சறுக்கியிருக்கிறது. ஒரு சுரத்துக்குள்ளும், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியிலும் ஒலி எப்படி அசைகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட போதெல்லாம் ஒரு படி ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் ட்ரம்பெட்டை ஆராய்ந்தவர்களுக்கும் இதுதான் நடந்தது. தோடியின் காந்தாரத்தை ஆராய்கிறவர்களுக்கும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

1957இலிருந்து தொடங்குகிறேன். நியூ ஜெர்சியில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். தொலைபேசிக் குரலை எண்களாக்கி ஆராய்வது அந்தக் கூடத்தின் அன்றாடப் பணி. எண்களாக்கிய குரலைத் திரும்ப ஒலியாக்க முடியுமென்றால், குரலே இல்லாமல் எண்களை நேரடியாகக் கணக்கிட்டு ஒலியாக்கினால் என்ன? இதுதான் மேத்யூஸுக்குத் தோன்றிய கேள்வி. நியூயார்க் நகரத்தில் இருந்த ஐ.பி.எம். 704 கணக்குப் போட்டது. காந்த நாடாவை அங்கிருந்து எடுத்துவந்து பெல் கூடத்தில் ஒலியாக மாற்றினார்கள். முதலில் ஒலித்த உருப்படியை அமைத்தவர் நியூமன் கட்மன். நீளம் 17 வினாடி.

அதே ஆண்டுகளில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர் என்ற வேதியியலாளர், லியோனார்ட் ஐசக்சனுடன் சேர்ந்து வேறொரு வழியில் போனார். இசை இலக்கண விதிகளையும் நிகழ்தகவுக் கணக்கையும் இல்லியாக் என்ற கணினிக்குக் கொடுத்தார்கள். அது சுரங்களைத் தேர்ந்தெடுத்தது. நான்கு தந்தி வாத்தியக்காரர்கள் அதை வாசித்தார்கள். 'இல்லியாக் சூட்' என்ற அந்தப் படைப்பு புகழ் பெற்றது. இயந்திரம் இசையமைக்கிறது என்பது கேட்பதற்கே கிளர்ச்சியான செய்தி அல்லவா? இன்றைய செய்தித் தலைப்புகளும் அதே கிளர்ச்சியில்தான் ஓடுகின்றன. இருந்தாலும் துறைக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மேத்யூஸின் வழிதான் என்பது என் கணிப்பு. ஹில்லரின் கணினி தப்பான சுரத்தைத் தந்தாலும், கைதேர்ந்த வயலின்காரர் அதற்கு உயிர் கொடுத்துவிடுவார், தப்பு மறைந்துபோகும். மேத்யூஸின் கணினிக்கு அப்படிக் கைகொடுக்க ஆள் இல்லை. ஒலியில் எது இல்லையோ அது இல்லாமலேதான் ஒலிபெருக்கி வழியே வரும்; கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

1961இல் பெல் கூடத்துக் கணினி 'டெய்சி பெல்' என்ற பழைய பாட்டைப் பாடியது. அதைக் கேட்ட ஆர்தர் சி. கிளார்க், '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' கதையில் அந்தப் பாட்டைச் சேர்த்தார் என்பது பலருக்குத் தெரிந்த கதை; அதில் நேரம் செலவழிக்கவில்லை. நமக்கு முக்கியமானது 1963இல் 'சயன்ஸ்' இதழில் மேத்யூஸ் எழுதிய கட்டுரை. காதுக்குக் கேட்கக்கூடிய எந்த ஒலியையும் கணினியால் உண்டாக்க முடியும் என்று அதில் வாதிட்டார். கொள்கை அளவில் அது உண்மை. ஆனால் எந்த எண்களைக் கொடுத்தால் எந்த ஒலி வரும்? அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

தெரியாது என்பதை முதலில் நிரூபித்தது ட்ரம்பெட். ஜான் க்ளோட் ரீசே பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர், இசையமைப்பாளரும்கூட. 1960களின் நடுவில் பெல் கூடத்துக்கு வந்தார். அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்களின் நிலையான கலவை ஒன்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உண்டு, அதுதான் அந்த வாத்தியத்தின் நாதம் என்று அன்றைய பாடநூல்கள் சொல்லின. அடிப்படைச் சுரம் இவ்வளவு, இரண்டாம் மேற்சுரம் இவ்வளவு, மூன்றாவது இவ்வளவு என்று அளவு போட்டுக் கணினிக்குக் கொடுத்தால் ட்ரம்பெட் ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை. ஏதோ ஊதல் வந்தது, ட்ரம்பெட் வரவில்லை. ரீசே உண்மையான ட்ரம்பெட் பதிவை மிகச்சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் மேற்சுரங்களின் அளவைப் பார்த்தார். ஒலி வலுக்க வலுக்க, மேலே உள்ள மேற்சுரங்கள் கீழே உள்ளவற்றைவிட வேகமாக வளர்ந்தன. தொடக்கத்தின் சில நூறில் ஒரு பங்கு வினாடிகளில் கீழ்ச் சுரங்கள் முந்திக்கொண்டு வர, மேலே உள்ளவை பின்னால் வந்து சேர்ந்தன. இந்த நகர்வைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்ததும் ட்ரம்பெட் வந்துவிட்டது. கலவையின் அளவைக் கொஞ்சம் மாற்றினால் காது பொருட்படுத்தவில்லை. நகர்வை எடுத்துவிட்டால் ஏற்க மறுத்தது.

அடுத்து ஜான் சௌனிங். இவரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். தாள வாத்தியக்காரர், பாரிஸில் நாடியா புலாஞ்சேயிடம் இசை பயின்றவர், பொறியியல் படித்தவர் அல்லர். ஸ்டான்ஃபோர்டில் இசை மாணவராக இருந்தபோது மேத்யூஸின் கட்டுரை கைக்குக் கிடைத்தது. நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக் கணினியில் வேலை செய்யத் தொடங்கினார். 1967இல், ஒரு சுரத்தை மேலும் கீழுமாக அசைக்கும் சோதனை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். வினாடிக்கு ஐந்தாறு முறை அசைத்தால் பாடகரின் குரலில் வரும் அசைவு போலக் கேட்கும். வேகத்தைக் கூட்டினார். பத்து, இருபது, ஐம்பது, நூறு. ஒரு கட்டத்துக்கு மேல் காதில் அசைவே கேட்கவில்லை. அசைவு போன இடத்தில் ஒரு புதிய நாதம் வந்தது. அசைக்கும் வேகத்தையும் அகலத்தையும் மாற்ற மாற்ற, மணி, பித்தளை வாத்தியம், மரக்குழல் என்று விதவிதமான நாதங்கள் வந்தன. அதுவரை நூற்றுக்கணக்கான எண்களைக் கொடுத்துக் கட்ட வேண்டியிருந்த ஒலியை, இரண்டு அலைகளும் இரண்டு மூன்று எண்களும் கட்டிக்கொடுத்தன. வானொலிக்காரர்கள் நெடுநாளாகப் பயன்படுத்திவந்த அலைவெண் பண்பேற்றம்தான் இது என்பது பிறகுதான் சௌனிங்குக்கு விளங்கியது. கணக்கு பின்னால் வந்தது. காதுதான் முதலில் கண்டுபிடித்தது.

கட்டுரை 1973இல் வெளிவந்தது. இந்த முறையின் உரிமத்தை ஸ்டான்ஃபோர்ட் அமெரிக்க ஆர்கன் நிறுவனங்களிடம் காட்டியது; அவர்கள் வேண்டாமென்றார்கள். ஜப்பானின் யமஹா வாங்கிக்கொண்டது. இதற்கிடையில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் சௌனிங்குக்கு நிரந்தரப் பதவி மறுத்து அனுப்பிவிட்டு, யமஹாவின் ஆர்வம் தெரிந்த பிறகு திரும்ப அழைத்துக்கொண்டது. (பல்கலைக்கழக நிர்வாகத்தார் யாராவது அவையில் இருந்தால் குறித்துக்கொள்ளலாம். அந்தக் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் ஈட்டித்தந்தது.) 1983இல் யமஹாவின் டி.எக்ஸ். 7 சந்தைக்கு வந்தது. எண்பதுகளின் உலகத் திரைப்பாடல்களிலும் மேடைகளிலும் அதன் மணியோசை நிறைந்தது. நம் ஊரில் இளையராஜா 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினி வழி இசையைக் கையாண்டபோது, தமிழ்க் காதும் அந்த உலகத்துக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் சௌனிங்கிடம் நான் மிகவும் மதிப்பது இன்னொன்றை. பாரிஸில் பியர் பூலேஸ் தலைமையில் 1977இல் திறக்கப்பட்ட இர்காம் ஆய்வு நிலையத்தில், 1979 வாக்கில் பெண் குரலைக் கணினியில் உண்டாக்க முயன்றுகொண்டிருந்தார். மேற்சுரங்களின் அளவுகள் எல்லாம் சரி. ஆனால் கேட்டால் குரலாக இல்லை. பல மெல்லிய ஒலிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. அப்போது எல்லா மேற்சுரங்களுக்கும் ஒரே மாதிரியான, ஒரே நேரத்தில் நடக்கும் மிகச் சிறிய அசைவைக் கொடுத்தார். அந்தக் கணமே அவை ஒன்றாகக் கூடி ஒரு பெண்ணின் குரலாக மாறின. இப்போது அந்தச் சோதனையை மீண்டும் செய்து காட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

(இங்கே ஒலித்துண்டு இரண்டு முறை இசைக்கப்பட்டது.)

அவையில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அசைவு வந்த பிறகு நான் புதிதாக எந்தச் சுரத்தையும் சேர்க்கவில்லை. ஒரு தொண்டையிலிருந்து வருவன எல்லாம் ஒன்றாகத்தான் அசையும் என்பது நம் செவிக்குத் தெரியும். சேர்ந்து அசைந்தால் ஒருவர். தனித்தனியாக அசைந்தால் பலர். செவி அப்படித்தான் கணக்கெடுக்கிறது.

இதே எண்பதுகளில் இன்னொரு வழியும் திறந்தது. கெவின் கார்ப்பிளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் இருவரும் 1983இல் வெளியிட்ட முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. சில நூறு தாறுமாறான எண்களை எடுத்துச் சுற்றில் விடு. ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பக்கத்து எண்களின் சராசரியை எடு. மீட்டிய தந்தியின் ஒலி வந்துவிடும். ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித் இதைப் பெரிய கொள்கையாக வளர்த்தார். ஒலியைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு, ஒலிக்கும் பொருளின் இயற்பியலையே கணக்கில் கட்டுவது என்று திசை மாறியது.

இந்தத் திசையில் முதல் அடி எடுத்துவைத்தவர்களில் ஒருவர் திருச்சிக்குப் பக்கத்தில், திருவானைக்காவலில் பிறந்தவர். சி. வி. ராமன் என்றாலே நமக்கு ஒளிதான் நினைவுக்கு வருகிறது. கல்கத்தாவில் இருந்த காலத்தில் அவருக்குச் சமமான ஈடுபாடு ஒலியில் இருந்தது. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்கக்கூடிய மேற்சுரம் ஒலியில் வராது என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. வீணையும் தம்புராவும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று ராமன் 1921இல் எழுதினார். வர வேண்டாத மேற்சுரம் அங்கே கணீரென்று கேட்கிறது. காரணம் குதிரையில் இருக்கிறது என்றார். வயலினில் தந்தி குதிரையின் கூரிய விளிம்பில் நிற்கிறது. தம்புராவில் குதிரை அகலமானது, மெல்ல வளைந்து இறங்குவது. போதாததற்குத் தந்திக்கும் குதிரைக்கும் இடையில் நாம் நூல் வேறு செருகுகிறோம். தந்தி ஒவ்வொரு முறை அதிரும்போதும் அந்த வளைவில் உரசி உரசி எழுகிறது. உரசல்தோறும் ஆற்றல் கீழ்ச் சுரத்திலிருந்து மேற்சுரங்களுக்கு இடம் மாறுகிறது. நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் நாதம் மாறிவிடுவது தம்புரா வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

ராமன் சொன்னதைக் கணினியில் கட்ட ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. மோதி மோதி விலகும் தந்தியைக் கணக்கில் பிடிப்பது கடினம்; எண்கள் கட்டுமீறிப் போய் ஒலிபெருக்கி அலறும். ஆற்றல் எங்கும் கூடிவிடாமல் காக்கும் கணக்கு முறைகள் வந்த பிறகு, 2016இல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் வான் வால்ஸ்டைன் குழுவினர், உடனுக்குடன் ஒலிக்கும் வகையில் ஒரு தம்புரா மாதிரியை உருவாக்கிக் காட்டினார்கள். அதில் நூலின் இடத்தையே மாற்றிப் பார்க்கலாம். நாம் சபாக்களில் வைக்கும் மின்னணுத் தம்புராவுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அது பதிவு செய்ததையோ அலையையோ திருப்பிச் சொல்கிறது. இதில் தந்தி உண்மையிலேயே ஒவ்வொரு முறையும் குதிரையைத் தொட்டு எழுகிறது, எண்களில்தான் என்றாலும்.

இனி நம் சங்கீதத்துக்கு வருகிறேன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பதிவு செய்த இசையைக் கணினி கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆய்வு தனித்துறையாகத் திரண்டது. இஸ்மிர் என்ற ஆண்டு மாநாடு 2000இல் தொடங்கியது. அங்கே உருவான கருவிகளில் ஏராளமானவை ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கணத்திலும் எந்த அறையில் எவ்வளவு ஒலி என்று கணக்கெடுப்பவை. பியானோவுக்கும் பாப் பாட்டுக்கும் அது போதும்.

அந்தக் கருவியிடம் தோடியைக் கொடுத்துப் பாருங்கள். புத்தகத்தில் தோடியின் காந்தாரம் சாதாரண காந்தாரம். பாடும்போது அந்த இடத்தில் குரல் நிற்பதே அபூர்வம். ரிஷபத்தின் பக்கமிருந்து மத்தியமம் வரைக்கும் ஏறி இறங்கி ஊசலாடும்; கேட்பவர் அந்த ஊசலாட்டம் முழுவதையும் சேர்த்து "காந்தாரம்" என்று கேட்கிறார். பன்னிரண்டு அறைக் கருவி அதை வெட்டி, கொஞ்சம் ரிஷபம், கொஞ்சம் மத்தியமம், நடுவில் ஏதோ தூசி என்று எழுதிக்கொள்ளும். ஆரபியையும் தேவகாந்தாரியையும் கொடுத்தால் இன்னும் மோசம். ஆரோகண அவரோகணத்தில் இரண்டும் ஒன்று. வேறுபாடு எல்லாம் ராகத்தின் அடையாளமான பிடியிலும் அசைவிலும் நடையிலும்தான்.

இந்தக் கோளாறை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டவர் ஸ்பெயின் நாட்டு பார்சலோனாவின் பாம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாவியர் செர்ரா. சௌனிங் தொடங்கிய ஸ்டான்ஃபோர்ட் மையத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2011இல் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 'காம்ப்மியூசிக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கிய மகாம், அரபு-அந்தலூசிய இசை, பீஜிங் இசை நாடகம் ஆகிய ஐந்தையும் அவற்றின் சொந்த இலக்கணத்தைக் கொண்டே ஆராய வேண்டும் என்பது திட்டம். நம் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் குழு, மும்பை ஐ.ஐ.டி.யில் ப்ரீதி ராவின் குழு. டி. எம். கிருஷ்ணா, விக்னேஷ் ஈஸ்வர் போன்ற பாடகர்களும் ஆய்வுக்குள் வந்து, சுரம், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம், பிடி ஆகியவற்றைப் பற்றிப் பொறியாளர்களுக்காக எழுதினார்கள்.

முதல் வேலை, சுருதி. மேற்கில் எல்லாரும் ஒரே சுருதிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். நம்மிடம் ஒருவர் ஒன்றரைக் கட்டை, இன்னொருவர் ஐந்தரைக் கட்டை. பாட்டின் ஷட்ஜம் எங்கே என்று தெரியாமல் எந்தச் சுரத்துக்கும் பெயர் வைக்க முடியாது. அதற்கு அவர்கள் பிடித்துக்கொண்டது தம்புராவை. மற்றக் கருவிகள் இரைச்சல் என்று தள்ளியிருக்கக்கூடிய அந்தத் தொடர் நாதத்தில்தான் விடை கச்சேரி முழுவதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

பிறகு ராகம். எந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலித்தது என்ற பட்டியலைக் கொண்டு ராகத்தை அடையாளம் காணப் பலர் முயன்றிருந்தார்கள். 2016இல் சங்கல்ப் குலாத்தியும் உடனாய்வாளர்களும் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். இந்தக் கணத்தில் குரல் எங்கே என்பதோடு, ஒரு வினாடியின் சிறு பங்குக்குப் பிறகு எங்கே என்பதையும் சேர்த்து, இரண்டையும் அச்சுகளாக வைத்து ஒரு பரப்பு வரைந்தார்கள். அசையாமல் நிற்கும் சுரங்கள் மூலைவிட்டத்தில் புள்ளிகளாக விழும். கமகங்களும், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஜாருகளும் அதற்கு இரு பக்கமும் வளைவுகளாகப் படரும். 40 ராகங்களில் 480 கர்நாடக இசைப் பதிவுகளைக் கொடுத்தபோது 87 சதவீதம் சரியாகச் சொன்னது. 30 ராகங்கள் கொண்ட இந்துஸ்தானித் தொகுப்பில் 98 சதவீதம். சுரப்பட்டியலை மட்டும் நம்பிய முறைகளை அதே பதிவுகளில் தெளிவாக விஞ்சியது. பெரிய நரம்பு வலைப்பின்னல் எதுவும் அதில் இல்லை. நகர்வைக் கணக்கில் சேர்த்தார்கள், அவ்வளவுதான். இந்துஸ்தானியைவிட நம்முடையது அதற்குக் கடினமாக இருந்தது என்பதையும் கவனியுங்கள். கமகம் அடர்ந்த இடத்தில் கருவி திணறுகிறது.

லாரா பியர்சன் என்ற இசை ஆய்வாளர் இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்திருக்கிறார். பேச்சில் ஓர் எழுத்தின் உச்சரிப்பு முன்னும் பின்னும் வரும் எழுத்துகளால் மாறுவது போல, ஒரு சுரத்தின் உருவம் எந்தச் சுரத்திலிருந்து வந்தோம், எங்கே போகப்போகிறோம் என்பதால் மாறுகிறது என்று ஆலாபனைகளை ஆராய்ந்து காட்டினார். அப்படியானால் சுரத்தைத் தனியாக எடுத்து ஆராய்வதில் பயனில்லை. சஞ்சாரத்தையே, அதாவது ராகம் நடக்கும் தொடரையே, அலகாக எடுக்க வேண்டும். தாமஸ் நட்டால், ஜெனிஸ் பிளாஜா, பியர்சன், செர்ரா நால்வரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பதிவில் திரும்பத் திரும்ப வரும் சஞ்சாரங்களைக் கணினியே தேடித் தொகுக்கும்படி செய்தது. அந்த ஆண்டு இஸ்மிர் மாநாடு முதன்முறையாக இந்தியாவில், பெங்களூரில் நடந்தது என்பது பொருத்தமான தற்செயல்.

எழுதிய விதிகளால் கமகத்தைக் கட்டியவர்களை மறந்துவிடக்கூடாது. சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் 'ரசிகா', 'காயகா' என்ற மென்பொருள்களை உருவாக்கி, சுரக்குறிப்பைக் கொடுத்தால் கமகத்தோடு ஒலிக்கும்படி செய்தார். ஸ்ரீகுமார் சுப்பிரமணியன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டார். ஸ ரி க என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு வித்வான் எப்படிக் கமகம் சேர்த்து வாசிக்கிறாரோ, அந்தப் படியைக் கணினி எப்படித் தாண்டும் என்பது கேள்வி. நம் சுரக்குறிப்பு பாதியைத்தான் எழுதுகிறது. மீதி குருவின் தொண்டையில் இருக்கிறது. அந்த மீதியை எழுதிப் பார்க்க முயன்ற பொறுமை சாதாரணமானதல்ல.

இப்போது வருவது சில்லறைத் தொல்லை போலத் தோன்றும், உண்மையில் பெரியது. நம் கச்சேரிப் பதிவுகள். மேற்கத்திய ஸ்டூடியோவில் பாடகர் ஓர் அறையில், மேளக்காரர் ஓர் அறையில். ஒவ்வொருவர் ஒலியும் தனித்தனியாகச் சுத்தமாகக் கிடைக்கும். குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் நரம்பு வலைகள் அத்தகைய பதிவுகளைத் தின்று வளர்ந்தவை. நம் கச்சேரியில் நாலு பேரும் ஒரே மேடையில் நெருங்கி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் வாசிக்க முடியும். பாடகரின் மைக்கில் மிருதங்கம் கசியும். வயலின் மைக்கில் பாடகர் கசிவார். அதிலும் வயலின் பாடகரின் நிழலாகவே போகும். கணினி எது குரல், எது நிழல் என்று குழம்பும்.

இதற்கு பார்சலோனாக் குழு செய்த இரண்டு காரியங்கள் எனக்குப் பிடித்தவை. ஒன்று: ஒரு பதிவில் குரலின் போக்கைத் தோராயமாகக் கணித்து, அந்தப் போக்கின்படி குரலைச் செயற்கையாக மறுபடி உண்டாக்கி, வாத்தியங்களோடு கலந்துவிட்டார்கள். இப்போது அந்தக் கலவையில் குரல் எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் வைத்தவர்களே அவர்கள்தான். அதைக் கொண்டு கணினியைப் பயிற்றுவித்தார்கள். செயற்கைக் குரல் இங்கே ரசிகருக்காக அல்ல. கணினியின் காதைப் பழக்கும் பயிற்சிக்காக. இன்னொன்று: 2023இல், சுத்தமான பதிவு கிடைக்காது என்று ஒப்புக்கொண்டு, கசிந்த பதிவுகளைக் கொண்டே குரலைப் பிரிக்கக் கற்பிக்கும் முறையை வெளியிட்டார்கள்.

சென்னை ஐ.ஐ.டி. குழுவின் 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றையும் இடையே சொல்ல வேண்டும். நம் சபாக்களை அறிந்தவர்கள் ரசிப்பார்கள். மூன்று மணி நேரக் கச்சேரிப் பதிவைத் துண்டு துண்டாகப் பிரிக்க என்ன வழி? கைதட்டல்! ஆலாபனை முடிந்தால் ஒன்று, வயலின் முடித்தால் ஒன்று, தனி ஆவர்த்தனம் முடிந்தால் பலமாக ஒன்று. கைதட்டலின் வலுவையும் நீளத்தையும் அளந்து, எது பிரதான உருப்படி என்று கணினி ஊகித்தது. ரசிகர்களின் தீர்ப்பு ஆய்வுத் தரவான அரிய இடம் இது. நிரவலின் நடுவில் காரணமில்லாமல் தட்டும் முன்வரிசைக்காரர்களைக் கணினி எப்படிச் சமாளித்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி, இசையை உண்டாக்கும் பெரிய மாதிரிகள். 2020இல் வந்த 'ஜூக்பாக்ஸ்' ஒரு நிமிட ஒலியை உண்டாக்க ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டது. 2023இல் கூகுள் வெளியிட்ட 'மியூசிக்எல்எம்' கேட்டுக் கற்றது 2,80,000 மணி நேர இசை. பக்கத்தில் இதை வையுங்கள்: ஆய்வுக்கென்று குறிப்புகளோடு திறந்து வைக்கப்பட்டிருக்கும் 'சராகா' தொகுப்பின் கர்நாடக இசைப் பகுதி சுமார் 50 மணி நேரம். மாபெரும் மாதிரிகள் நகர்வைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அளவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது அவற்றின் நம்பிக்கை. அளவு இருக்கிற இசைக்கு அது ஓரளவு பலிக்கிறது. அளவு இல்லாத இசைக்கு? தட்டெழுதிக் கேட்ட தோடி, தோடியின் சுரங்களில் நடந்துபோகிறதே தவிர, தோடியாக ஊசலாடுவதில்லை.

பல்கலைக்கழகங்கள் இங்கே வேறு வழியில் போகின்றன. 2024இல் நித்யா ஷிகார்பூரும் உடனாய்வாளர்களும் இந்துஸ்தானிக் குரலுக்காக உருவாக்கிய 'கமதனி' ஒரே மூச்சில் ஒலியை உண்டாக்குவதில்லை. முதலில் குரலின் போக்கை, அதாவது கமகமும் 'மீண்ட்' எனப்படும் வழுக்கல்களுமான அந்தக் கோட்டை மட்டும் உண்டாக்குகிறது. இரண்டாவது கட்டத்தில் அந்தக் கோட்டுக்குக் குரலைப் போர்த்துகிறது. முதல் கட்டத்தில் இசைக்கலைஞர் குறுக்கிடலாம்: தோராயமாக ஒரு கோடு வரைந்து கொடுத்தால் மாதிரி அதை நுணுக்கமாக்கித் தரும். குறைந்த தரவில் வேலை செய்ய நேர்ந்தவர்கள், இசையின் உயிர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது. அந்த நிர்ப்பந்தம்தான் அவர்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தது என்பேன்.

போக்கு வேறு, குரலின் நாதம் வேறு என்ற இந்தப் பிரிவினை நமக்கு இன்னொரு கேள்வியையும் தெளிவாக்குகிறது. 2024இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, அவர்களுக்குத் தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். விவாதம் எல்லாம் அனுமதியைப் பற்றியே நடந்தது. அது தேவையான விவாதம்தான். ஆனால் குரல் மாற்றும் முறைகளில் பரவலாக உள்ளது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். உயிரோடு இருக்கும் ஒருவர் பாடுகிறார். அவர் பாடிய போக்கை அப்படியே வைத்துக்கொண்டு, நாதத்தை மட்டும் இன்னொருவருடையதாக மாற்றுகிறார்கள். அப்படிச் செய்யும்போது நாதம் மறைந்தவருடையது. மூச்சு விட்ட இடமும் சுரத்தைத் தொட்டு வளைத்த விதமும் பாடிக்கொடுத்தவருடையது. பாட்டின் பெயர்ப்பட்டியலில் அவருக்கு இடம் எங்கே? சட்டம் குரலைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. கமகத்தைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

கடைசியாக, மதிப்பீடு. ஒரு மாதிரி உண்டாக்கிய இசை நன்றாக இருக்கிறதா என்பதை அளக்க இன்று அதிகம் கையாளும் அளவுகோல், உண்டாக்கிய ஒலிக்கும் உண்மையான ஒலிக்கும் உள்ள புள்ளியியல் தூரம். அந்தத் தூரத்தை அளக்கும் வலையோ யூடியூப் ஒலிகளைப் பொதுவாகக் கேட்டுப் பழகியது. அதற்குத் தேவகாந்தாரியும் ஆரபியும் ஏறக்குறைய ஒன்றுதான். சபாவில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் முதல் பிடியிலேயே சொல்லிவிடுவார். அந்த ரசிகரை ஆய்வுக்குள் கொண்டுவராமல் எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

இசை அறிந்தவரை ஆய்வுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் சென்னையிலேயே உண்டு: மிருதங்க ஆய்வு. சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கரணைதான் அவற்றை இழுத்து வந்து சுருதிக்குள் அடக்குகிறது. ராமனும் சிவகாளி குமாரும் இதை 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1934இல் ராமன் அதை விரிவாக்கி, தோலின் மேல் மணல் தூவி, ஒவ்வொரு அதிர்வு வடிவத்தையும் படம் பிடித்துக் காட்டினார். 2013இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அந்த அதிர்வு வடிவங்களையே அகராதியாக வைத்து, மிருதங்க வாசிப்பைக் கேட்டு எந்தச் சொல் எங்கே விழுந்தது என்று கணினி எழுதும்படி செய்தார்கள். 'நம்' எவ்வளவு, 'தீம்' எவ்வளவு, 'சாப்பு' எவ்வளவு என்று ஒவ்வொரு சொல்லையும் அதிர்வுகளின் கூட்டாகப் பிரித்தார்கள். 88.4 சதவீதம் வரை சரியாக எழுதியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அக்ஷய் அனந்தபத்மநாபன், மிருதங்கக் கலைஞர்.

இதே வழியில் நாமும் இங்கே ஒன்று செய்யலாம். இந்த வளாகத்தில் இசைத்துறை ஆண்டுதோறும் கச்சேரிகள் நடத்துகிறது; அவற்றில் நாகசுரமும் தவிலும் உண்டு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக் வைத்துப் பதிவு செய்து, கலைஞரிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கி, கட்டை, ராகம், தாளம், ஆலாபனை எங்கே முடிகிறது என்பதையெல்லாம் இசை மாணவர்களைக் கொண்டு குறிக்கச் சொல்லலாம். குறித்தவர்கள் பெயரைக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் போட வேண்டும், நன்றியுரையில் அல்ல. செலவு அதிகமில்லை: சில மைக்குகள், ஒரு பதிவுக் கருவி, இரண்டு துறைத்தலைவர்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம். கடிதத்தின் வரைவை இன்று காலையே இரு துறை அலுவலகங்களிலும் கொடுத்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன்.